உயரத்தை அளந்து உரிமையை மறுக்கலாமா?

(பிராந்திய மாதர் பிரிவுக் கூட்டத்தில் மாதர் அமைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றியோ சேமலாப நிதியைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. அவற்றைப் பேச நம் தலைவர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது பொலிஸ் வேலையைப் பற்றி. "தோட்டத்துப் பெண்களுக்கும் பொலிசுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் யோசிப்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

போன மாதம் ஒரு தாய் என்னைத் தேடி ஆபீசுக்கு வந்தார். இருபத்தைந்து வருடமாகக் கொழுந்து எடுக்கிறவர். அவருடைய மகள் உயர்தரம் பாஸ் பண்ணியிருக்கிறாள். சின்ன வயதிலிருந்து பொலிஸில் சேர வேண்டும் என்று ஆசை. வர்த்தமானியில் விண்ணப்ப அறிவித்தல் வந்தபோது வரிவரியாகப் பார்த்திருக்கிறாள். வயது சரி. படிப்பு சரி. கண்பார்வை சரி. உயரத்தில் மட்டும் முக்கால் அங்குலம் குறைவு. லயத்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு மூன்று தடவை அளந்து பார்த்திருக்கிறார்கள். மூன்று தடவையும் அதே முக்கால் அங்குலம். பிள்ளை விண்ணப்பமே போடவில்லை.

அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "தங்கச்சி, முக்கால் அங்குலத்துல அப்படி என்ன இருக்கு? எம் மக தினமும் இந்த மலையில ஏறி எறங்கித்தானே ஸ்கூலுக்குப் போனா? ஓட்டப் போட்டியில அவதானே முதலாவது வந்தா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. விதி என்றால் விதிதான் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்ப மனம் வரவில்லை. அதனால் இந்த விசயத்தைத் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன்.

முதலில், பொலிஸில் பெண்கள் ஏன் வேண்டும்?

நம் தோட்டங்களில் குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனைப் பற்றி முறைப்பாடு செய்யப் போகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். 2005 ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் வீட்டு வன்முறையைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் பொலிஸ் நிலையத்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, உடம்பில் எங்கே அடிபட்டது என்று ஓர் ஆணிடம், அதுவும் நம் மொழி தெரியாத ஓர் ஆணிடம் எப்படிச் சொல்வது? பாதி விசயம் தொண்டையிலேயே நின்றுவிடும். எழுதிய வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைத்துவிட்டு வந்த பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். நான் பெயர் சொல்லவில்லை.

ஒரு பெண்ணின் உடம்பைச் சோதிக்க வேண்டுமென்றால் இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும் என்று நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. அந்த இன்னொரு பெண் நிலையத்தில் இருந்தால்தானே சட்டம் நடக்கும்? அவள் தமிழ் பேசுகிறவளாகவும், லயத்து வாழ்க்கை தெரிந்தவளாகவும் இருந்தால் எத்தனை உதவி! ஆகவே அந்த முக்கால் அங்குலம் ஒரு பிள்ளையின் பிரச்சினை மட்டும் அல்ல. நம் எல்லோருடைய பிரச்சினை.

இப்போது விதிக்கு வருவோம். "எல்லாருக்கும் ஒரே அளவு வைத்தால் அது சமத்துவம்தானே?" என்று கேட்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கேள்விக்கு நம்மை விட நல்ல பதில் சொல்ல யாராலும் முடியாது.

நாளுக்கு இத்தனை கிலோ என்று துரை கணக்குப் போடுகிறார். எல்லோருக்கும் ஒரே கிலோ. ஒருத்திக்குக் கொழுந்து நன்றாக விட்டிருக்கும் மலை. இன்னொருத்திக்குக் கவ்வாத்து வெட்டி இப்போதுதான் துளிர்க்கிற மலை, அல்லது காடாகிப் போன பழைய மலை. சாயந்தரம் தராசில் நிறுத்தால் முதல் பெண்ணுக்கு முழுப் பேர், இரண்டாவது பெண்ணுக்கு அரைப் பேர். இரண்டு பேரும் ஒரே நேரம் நின்றார்கள், ஒரே மழையில் நனைந்தார்கள். "எல்லாருக்கும் ஒரே கணக்குத்தானே" என்று கணக்கப்பிள்ளை சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா? மாட்டோம். கணக்கு ஒன்றுதான், மலை ஒன்றல்ல என்று சொல்வோம். அதைத்தான் சட்டம் படித்தவர்கள் மறைமுகமான பாகுபாடு என்கிறார்கள். பார்வைக்குப் பொதுவான விதி. ஆனால் அதன் பாரம் ஒரு பக்கத்தார் தலையில் மட்டும் விழுகிறது.

இது நீதிமன்றம் வரை போன கதைகள் இருக்கின்றன. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது அமெரிக்காவில். அலபாமா மாநிலத்தில் சிறைக் காவலர் வேலைக்குக் குறைந்தது 5 அடி 2 அங்குல உயரமும் 120 இறாத்தல் நிறையும் வேண்டும் என்று விதி இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. வேலை கிடைக்காத ஒரு பெண் வழக்குப் போட்டார். 1977 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் கணக்கைப் பார்த்தது. அந்த இரண்டு அளவுகளும் சேர்ந்து அந்த நாட்டுப் பெண்களில் 100க்கு 41 பேரை வெளியே தள்ளின. ஆண்களில் 100க்கு ஒருவரைக்கூடத் தள்ளவில்லை. உடல் வலுவுக்காகத்தான் இந்த விதி என்று மாநிலம் சொன்னது. வலுத்தான் வேண்டுமென்றால் வலுவையே சோதிக்கலாமே என்று நீதிமன்றம் கேட்டது. உயர, நிறை விதி விழுந்தது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். கடுங்காவல் ஆண் சிறைகளில் கைதிகளோடு நேரடியாகப் பழகும் வேலைக்கு ஆண்களை மட்டும் எடுக்கலாம் என்று அதே தீர்ப்பு விட்டுக்கொடுத்தது. ஆனாலும் அங்குல நாடாவை வைத்துப் பெண்களை வெளியே நிறுத்தக் கூடாது என்பது நிலைநின்றது.

இரண்டாவது கிரேக்க நாட்டில். இது நேராகப் பொலிஸ் கதைதான். அங்கே முன்னர் பொலிஸ் கல்லூரியில் சேர ஆண்களுக்கு 1.70 மீற்றர், பெண்களுக்கு 1.65 மீற்றர் என்று வேறு வேறு அளவு இருந்தது. 2003 இல் சட்டத்தைத் திருத்தி இரு பாலாருக்கும் 1.70 மீற்றர் என்று ஆக்கினார்கள். சமத்துவம் வந்துவிட்டது போலத் தெரியும். 1.70 மீற்றர் என்றால் ஏறத்தாழ 5 அடி 7 அங்குலம். 2007 இல் ஒரு பெண் விண்ணப்பித்தார். அவருடைய உயரம் 1.68 மீற்றர். இரண்டு சென்ரிமீற்றர் குறைவு, அதாவது நம் பிள்ளைக்குக் குறைந்த அதே முக்கால் அங்குலம்! விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. ஏதென்ஸ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அமைச்சர்கள் மேன்முறையீடு செய்தார்கள். வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. 2017 ஒக்டோபர் மாதம் தீர்ப்பு வந்தது. அந்த நீதிமன்றம் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1.70 மீற்றருக்குக் குறைவான உயரமுடையவர்கள் ஆண்களை விடப் பெண்களிலேயே மிக அதிகம், ஆகவே இது பெண்களுக்கு எதிரான மறைமுகப் பாகுபாடு. பொலிஸ் சிறப்பாக இயங்க வேண்டும் என்ற நோக்கம் நியாயமானதுதான். ஆனால் பொலிஸ் வேலை என்பது ஒரே வேலை அல்ல. மக்களுக்கு உதவி செய்வது, வீதிப் போக்குவரத்தைக் கவனிப்பது போன்ற வேலைகளுக்குப் பெரிய உடல் பலம் தேவைப்படாது. எல்லா வேலைக்கும் பலம் வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், உயரமானவருக்குப் பலம் உண்டு, குட்டையானவருக்குப் பலம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? பலத்தைப் பார்க்க வேண்டுமானால் உடற்தகுதிப் பரீட்சை வைத்துப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் நீதிமன்றம் கவனித்தது. அதே கிரேக்க நாட்டில் இராணுவத்துக்கும் கடலோரக் காவலுக்கும் பெண்களுக்கு 1.60 மீற்றர் போதுமாக இருந்தது. துப்பாக்கி தூக்கி எல்லையில் நிற்பவருக்குப் போதுமான உயரம், தெருவில் நின்று வாகனத்தை நிறுத்துபவருக்கு எப்படிப் போதாமல் போகும்?

மூன்றாவது கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏனென்றால் அதை நடத்தியது ஒரு தொழிற்சங்கம். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் காட்டுத் தீ அணைக்கும் வேலையில் ஒரு பெண் மூன்று வருடம் இருந்தார். அவருடைய வேலையில் ஒரு குறையும் யாரும் சொல்லவில்லை. பிறகு அரசாங்கம் புதிதாக ஓர் உடற்தகுதிப் பரீட்சை கொண்டுவந்தது. 2.5 கிலோமீற்றர் தூரத்தை 11 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அவர் நாலு தடவை ஓடினார். மிகச் சிறந்த ஓட்டத்தில்கூட 49 விநாடி அதிகமாகிவிட்டது. வேலை போய்விட்டது.

அவருடைய சங்கம் அதை ஒரு தொழில் பிணக்காக எடுத்தது. நடுத்தீர்ப்பாளர் முன்னால் வென்றார்கள். மேன்முறையீட்டில் தோற்றார்கள். விடவில்லை. 1999 இல் கனடா உயர் நீதிமன்றம் அவருக்கு வேலையைத் திரும்பக் கொடுக்கச் சொன்னது. இந்தப் பரீட்சையில் தேறாதவர் காட்டுத் தீ வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாது என்பதை அரசாங்கம் நிரூபிக்கவில்லை என்பதே காரணம். அந்தத் தீர்ப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரு விதி ஒரு பகுதியினரை வெளியே தள்ளுகிறது என்று காட்டிவிட்டால், அந்த விதி வேலைக்கு உண்மையில் அவசியமானது என்று நிரூபிக்க வேண்டியது வேலை கொடுப்பவர். வேலை கேட்பவர் அல்ல.

இப்போது பின்னால் நிற்கும் தம்பிமார் கேட்பது எனக்குக் கேட்கிறது. "அக்கா, கள்ளனைத் துரத்திப் பிடிக்க வேண்டாமா? பரீட்சையே வேண்டாம் என்கிறீர்களா?"

அப்படி நான் சொல்லவில்லை. எந்த நீதிமன்றமும் அப்படிச் சொல்லவில்லை. ஓட வேண்டிய வேலை என்றால் ஓட விட்டுப் பாருங்கள். தூக்க வேண்டிய வேலை என்றால் தூக்க விட்டுப் பாருங்கள். பரீட்சை வேலையோடு சம்பந்தப்பட்டதாக இருக்கட்டும். நம் பெண்கள் காலையில் பெரட்டுக்கு வந்து, செங்குத்தான மலையில் முதுகில் கொழுந்துப் பாரத்தோடு நாள் முழுவதும் நிற்கிறவர்கள். அவர்கள் வளர்த்த பிள்ளைகள் பரீட்சைக்குப் பயப்பட மாட்டார்கள். ஓடுவதற்கு முன்னாலேயே, அங்குல நாடாவைக் காட்டி வாசலில் திருப்பி அனுப்பாதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே பொலிஸ் ஆட்சேர்ப்பில் ஆணுக்கு ஓர் உயரம், பெண்ணுக்கு ஓர் உயரம் என்று தனித்தனியாகத்தான் கேட்கிறார்கள். கிரேக்கத்தில் 2003 க்குப் பின் இருந்த நிலை இங்கே இல்லை. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

பதவி உயர்வைப் பாருங்கள். 2020 இல்தான் இந்த நாட்டுப் பொலிஸில் முதன்முதலாக ஒரு பெண், பிம்ஷானி ஜாசின் ஆராச்சி, பிரதிப் பொலிஸ் மாஅதிபராக நியமிக்கப்பட்டார். அடுத்த வருடமே 32 ஆண் அதிகாரிகள் அந்த நியமனத்துக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டார்கள். அந்தப் பதவிக்கான விதியில் பெண் என்ற சொல் தனியாக இல்லை என்பது அவர்களுடைய வாதம். பாருங்கள், வாசலில் உயரக் கணக்கு, மேல் மாடியில் சொல் கணக்கு.

இனி உயரத்துக்கே வருகிறேன். இதைத்தான் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு பிள்ளையின் உயரம் தாய் தகப்பனிடமிருந்து வருகிறது. அதோடு, தாயின் வயிற்றில் இருந்த நாளிலிருந்து முதல் சில வருடங்களில் கிடைத்த சாப்பாட்டிலிருந்தும் வருகிறது. 2016 இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் எடுத்த கணக்கின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 100க்கு 17 பேர். தோட்டப் பகுதியில் 100க்கு 32 பேர். ஏறத்தாழ இரண்டு மடங்கு!

இதற்கு என்ன அர்த்தம்? நம் பிள்ளைகள் பிறவியிலேயே குட்டையானவர்கள் என்பதல்ல. கர்ப்பிணியாக மலையில் நின்ற தாய், காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும் மட்டும் குடித்துவிட்டுப் போன தாய், பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வந்த குழந்தை, பால்மா வாங்க முடியாத மாதக் கடைசி, இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த முக்கால் அங்குலம். நம் வீட்டில் இருந்த பசியை இருபது வருடம் கழித்து ஒருவர் அங்குல நாடாவால் அளந்து, "நீ தகுதி இல்லை" என்கிறார். சம்பளம் குறைவாகக் கொடுத்த தண்டனை ஒரு தடவை. அந்தச் சம்பளத்தால் வளராமல் போன பிள்ளைக்கு வேலை இல்லை என்பது இரண்டாவது தண்டனை. இதைக் கேட்காமல் இருக்கலாமா?

நம் அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. பெண்களின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்வதற்கு அந்த உறுப்புரையே இடம் கொடுக்கிறது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 1981 இல் ஏற்றுக்கொண்டது. தொழிலில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சர்வதேச தொழில் அமைப்பின் 111 ஆவது சமவாயத்தை 1998 இல் ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவின் தீர்ப்பும் கனடாவின் தீர்ப்பும் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அவற்றில் இருக்கும் நியாயத்தை எடுத்துப் பேச யாரும் தடை போட முடியாது.

ஆகவே என்ன செய்யலாம்? நாலு விசயம் சொல்கிறேன்.

ஒன்று. வர்த்தமானி அறிவித்தலைப் பிள்ளைகள் தாங்களாகவே முழுவதும் படிக்க வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று விட்டுவிடக் கூடாது. பதவிக்குப் பதவி தகைமை வேறுபடும். சுவரில் பென்சில் கோட்டை நம்பி விலக வேண்டாம். வைத்தியசாலையில் சரியாக அளக்கச் சொல்லுங்கள். செருப்பில்லாமல், முதுகு நேராக.

இரண்டு. நேர்முகப் பரீட்சைக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ப் பேச்சு பிறகு உதவாது. கடிதங்களைப் பத்திரமாக வையுங்கள். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. அதனால் நடந்த அன்றைக்கே சங்கத்துக்கு வாருங்கள். மூன்று மாதம் அழுதுவிட்டு வராதீர்கள்.

மூன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இல் வந்தது. அதன்படி எந்தப் பிரசையும் அரச நிறுவனத்திடம் கேள்வி கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். நம் மாதர் பிரிவு கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பெண்கள் பொலிஸ் வேலைக்கு வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உயரத்துக்காக மட்டும் திருப்பி அனுப்பப்பட்டார்கள்? அலபாமா வழக்கு வென்றது கண்ணீரால் அல்ல, கணக்கால். நமக்கும் கணக்கு வேண்டும். கணக்கு கையில் வந்த பிறகு பொலிஸ் திணைக்களத்துக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் மனுப் போடுவோம். உயரத்துக்குப் பதிலாக வேலைக்கேற்ற உடற்தகுதிப் பரீட்சை வை என்று கேட்போம்.

நாலு. நம் வீட்டுக்குள் ஒரு விசயம். முட்டை ஒன்று இருந்தால் அது யார் தட்டில் விழுகிறது? பையன் தட்டிலா, பொண்ணு தட்டிலா? நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். விதியை மாற்றக் கொழும்புக்குப் போக வேண்டும். முட்டையைச் சரிபாதியாக வெட்ட எங்கேயும் போக வேண்டாம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரே தோட்டத்தில் ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்று நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. "பெண்ணுக்குப் பலம் குறைவு" என்றுதான் அப்போதும் காரணம் சொன்னார்கள். தொழிலாளர் போராடினார்கள். 1984 இல் சம சம்பளம் வந்தது. அன்றைக்கு அதுவும் நடக்காத காரியம் என்றுதான் சொன்னார்கள். அந்தப் போராட்டத்தைப் பார்த்த பாட்டிமார் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். கை தூக்குங்கள், பாட்டி. பார்த்தீர்களா பிள்ளைகளே?

கடைசியாக, அந்தத் தாய்க்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று சொல்லி முடிக்கிறேன். "அக்கா, முக்கால் அங்குலத்தில் ஒன்றுமே இல்லை. உங்கள் மகளிடம் குறை இல்லை. விதியில்தான் குறை" என்றேன். மகளை அழைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகச் சொன்னேன். முறையாக அளந்து எழுதிக் கொண்டு வரச் சொன்னேன். தகவல் கேட்கும் விண்ணப்பத்தை அந்தப் பிள்ளையின் கையாலேயே எழுத வைக்கப் போகிறோம். அதன் கீழே முதல் கையெழுத்து அவளுடையது. இரண்டாவது கையெழுத்து என்னுடையது. மூன்றாவதுக்கு இடம் விட்டிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் அந்தத் தாள் மாதர் தலைவியின் மேசையில் இருக்கும்.